செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை

ரெய்னர்ஸ் லேன்,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் மகள் கோசிகாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆக்லாந்தில் குளிர் தொடங்கியிருக்கும், நீ காலுறை போடாமல் திரிவாய், அது தவிர மற்றபடி நலமாயிருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். நான் இங்கே இருக்கிறேன். நலமா என்று கேட்டால், இரத்த அழுத்தம் சரி, முழங்கால் சரியில்லை, மிகுதியைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு சொல் கிடைக்கவில்லை. இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ புருவத்தை உயர்த்துவாய். நீ தொலைபேசியை எடுப்பதில்லை, அனுப்பும் செய்திகளுக்கு நீலக் கோடு விழுகிறதே தவிர மறுமொழி வருவதில்லை, ஆகவே தபாற்காரனை நம்புகிறேன், அவனுக்கு என்மீது கோபம் ஒன்றும் இல்லை. நீ கடைசியாக அனுப்பிய செய்தியைப் பலமுறை வாசித்தேன். பிலிப்போவின் தாயும் தகப்பனும் அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்து திரும்பியபோது நான் அவர்களுக்கு முகம் கொடுக்கவில்லை என்றும், துசியந்தி மாமி அவன் தாய் மலியாவைக் கையில் பிடித்து வெளியே தள்ளினார் என்றும், இவ்வளவு நாளும் அதை மனத்தில் வைத்திருந்தவர்கள் கலியாண நாள் குறிக்கப் பேச வெளிக்கிட்டபோதுதான் வாய் திறந்தார்கள் என்றும், தாய் மனம் ஒப்பாத பெண்ணைத் தங்கள் வீட்டுக்கு எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். "உங்களுக்கு பிலிப்போவை விருப்பமில்லையெண்டால் நேராச் சொல்லியிருக்கலாம் அம்மா, வந்த சனத்தை அவமதிச்சிருக்கத் தேவையில்லை. இப்ப ஓமோ இல்லையோ, ஒரு சொல்லு சொல்லுங்கோ" என்று முடித்திருந்தாய். ஒரு சொல்லில் விடை எழுதுவதற்கு இது பரீட்சைத் தாள் அல்ல. விடை வரும், ஆனால் அதற்குரிய இடத்தில் வரும், நீ கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாமல் ஒழுங்காக வாசி.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா போனது தையில், இப்போது ஆனி. பின்வளவில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. நிர்மலன் அண்ணை ஞாயிறு தோறும் வெம்பிளியிலிருந்து வந்து, யன்னலால் அதைப் பார்த்து, "இதை ஒருக்கா வெட்டவேணும் அம்மா" என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போகிறான். தங்களோடு வந்து இருக்கும்படி அவன் கேட்கிறான், அவன் மனைவி கேட்கவில்லை, ஆகவே நான் போகவில்லை. சாவுத் துடக்குக் கழிந்தபின் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். படி ஏறினேன், அர்ச்சனை நடந்தது, திருநீறு பூசினேன், படி இறங்கினேன், காருக்குள் ஏறியபின்தான் சாமியைப் பார்த்தேனா என்ற ஐயம் வந்தது. அதுவும் பெரிய ஐயம் அல்ல. கலாவதியக்கா நன்றாகத் தாங்குகிறா என்று ஊரெல்லாம் சொல்கிறார்களாம். நான் எதையும் தாங்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், தொட்டால் பிறத்தியாருடையது போல இருக்கும், தவறிக் கடித்தால் இரத்தம் வருமே தவிர நோகாது. அப்படித்தான் இருக்கிறது, கன்னம் மட்டும் அல்ல. நீ அனுப்பிய துக்க ஆலோசனை இணைப்பையும் திறந்து பார்த்தேன். அடிக்கடி அழுகிறீர்களா என்று கேட்டது, இல்லை என்றேன். பசி குறைந்ததா என்று கேட்டது, இல்லை என்றேன். மிக நன்று என்று ஒரு பச்சை அடையாளத்தைக் காட்டி என்னை வெளியே அனுப்பிவிட்டது. அந்த இயந்திரத்தை விட மாமி பரவாயில்லை, அவர் வந்து இருந்து ஒப்பாரி வைத்து, நான் சேரவில்லை என்று கண்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்.

அடுத்தது வகுப்பு. சித்திரையில், நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நீ பணியாற்றும் கல்வி நிலையத்தின் இணையவழி வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டாய் அல்லவா, வீட்டு வரவுசெலவுத் திட்டம் போடப் பழகுவதற்கென்று. உங்களுக்கு வியாழன் மாலை, எனக்கு வியாழன் காலை. குசினி மேசையில் கணினியை வைத்து, சேலை உடுத்து, கதிரையில் நிமிர்ந்து இருப்பேன், மற்றவர்கள் கட்டிலில் படுத்தபடியும் பிள்ளைக்குச் சோறூட்டியபடியும் படிக்கிறார்கள். பேராதனையில் புவியியல் சிறப்புப் பட்டம் எடுத்தவள் இந்த வயதில் மாணவியாகப் போய் இருப்பதில் எனக்கு வெட்கம் இல்லை. எரிவாயுக் கட்டணமும் கவுன்சில் வரியும் எந்தக் கணக்கிலிருந்து எந்த நாளில் போகின்றன என்று தெரியாமல் இத்தனை காலம் இருந்ததில்தான் வெட்கம். அப்பா எல்லாம் பார்ப்பார், நான் பத்திரிகை வாசிப்பேன், அப்படி ஓர் ஏற்பாடு. நிர்மலனிடம் கேட்டபோது, "நான் பாக்கிறன், நீங்கள் ஒண்டையும் யோசியாதேங்கோ" என்றான். யோசியாதே என்று சொல்லும் மகனிடம் கணக்கைக் கொடுத்தால் அடுத்த வருடம் வீட்டையும் கொடுக்க வேண்டியிருக்கும். உன் ஏற்பாடு நல்ல ஏற்பாடு என்று இப்போது எழுத்தில் தருகிறேன், பத்திரப்படுத்திக்கொள், அடிக்கடி தரமாட்டேன்.

ஆசிரியர் சியோனே தொங்கா நாட்டுக்காரர், பெரிய உருவம், மெல்லிய குரல். வரவை ஒரு பக்கம் எழுது, செலவை மறுபக்கம் எழுது, செலவில் தேவை எது விருப்பம் எது என்று பிரி, மிஞ்சியதில் ஒரு பங்கை எதிர்பாராததற்கென ஒதுக்கு என்பது அவருடைய பாடத்தின் சாரம். சின்னப் பிள்ளைகளுக்கும் விளங்கக்கூடியது, ஆனால் விளங்குவதும் செய்வதும் ஒன்றல்ல. மரணம் எந்தப் பிரிவில் அடங்கும் என்று நான் கேட்டேன். எதிர்பாராத செலவில் போடலாம் மேடம் என்றார். எழுபது தாண்டிய ஆளுக்கு மரணம் எதிர்பாராதது அல்ல, நாள்தான் எதிர்பாராதது என்றேன். திரையிலிருந்த அத்தனை பேரும் தங்கள் தங்கள் மேசையைப் பார்த்தார்கள். பிறகு அவர் எங்களை, மாதாமாதம் தானாக வெட்டப்படும் பணத்தில் தேவையற்றதை நிறுத்தச் சொன்னார். நெஞ்சுக்குக் குழாய் வைத்த காலத்தில் அண்ணை அப்பாவை ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டது உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பா அந்த வாசலால் போனது அதற்குப் பக்கத்துக் கடையில் ரோல்ஸ் வாங்குவதற்கு மட்டும்தான். அதை நிறுத்தப் போனேன். விலகுவதற்கு என்ன காரணம் என்று இணையத்தளம் கேட்டது. விலை அதிகம், நேரமில்லை, காயம், வேறு இடத்துக்கு மாறிவிட்டேன் என்று சில விடைகள் இருந்தன, அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்யாமல் மேலே போக ஏலாது. மாறிவிட்டேன் என்பதைத் தெரிவுசெய்தேன். புதிய இடத்துக்கு அண்மையிலும் தங்களுக்கு ஒரு கிளை இருக்கலாம் என்று அப்பாவுக்கு மின்னஞ்சல் வந்தது. நான் சிரித்திருக்க வேண்டும். மின்னஞ்சலை அழித்துவிட்டு அவரைக்காய் நறுக்கினேன்.

ஒவ்வொரு வகுப்பும் பசிபிக் மொழி ஒன்றின் வணக்கத்தோடு தொடங்கும், அது அங்கத்தைய வழக்கமாம். பிஜிக்காரர் புலா என்கிறார்கள், உயிர் என்ற கருத்து. குக் தீவார் கியா ஓரானா என்கிறார்கள், நீடு வாழ்க என்று. சியோனேயின் ஊரில் மாலோ ஏ லேலெய், நீ நலமாயிருப்பதற்கு என் பாராட்டு என்பது போல அவர் விளக்கினார். நலமாயிருப்பதை ஒரு சாதனையாக எண்ணும் மக்கள் அறிவாளிகள்தான், ஆனால் கணவனை எரித்து மூன்றாம் மாதத்தில் அந்த வாழ்த்தை ஏற்றுத் திருப்பிச் சொல்வது கொஞ்சம் மினைக்கேடான வேலை. சொன்னேன். உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்றார். சமோவா மொழியில் தாலோஃபா. யாழ்ப்பாணத்தில் நான் படிப்பித்த காலத்தில் பசிபிக் சமுத்திரத்தைக் கரும்பலகை முழுவதும் வரைந்து, சமோவாவுக்கு வெண்கட்டியால் ஒரு குத்து வைப்பேன், மழைவீழ்ச்சி, தென்னை, எரிமலைப் பாறை, அவ்வளவுதான் பாடம். அந்தக் குத்துக்குள்ளிருந்து ஒரு குடும்பம் புறப்பட்டு என் வீட்டு முன்னறையில் வந்து நிற்கும் என்பது பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீ அன்று பெரும்பாலும் மேல்மாடியில் இருந்தாய், நடந்ததை மற்றவர் வாய் வழியாகத்தான் அறிந்திருக்கிறாய், ஆகவே நான் கண்டதை எழுதுகிறேன். வெம்பிளியிலிருந்து இங்கே வருவதற்கு எங்கள் சொந்தங்கள் சிலருக்கு அன்று பஸ் கிடைக்கவில்லை. மலியாவும் கணவர் யோசேபாவும் உலகத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தார்கள், அப்பாவை உன் தொலைபேசித் திரையில் தவிர வேறெங்கும் கண்டிராதவர்கள். மலியா தன் தாய் நெய்த பாயை மடித்துக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார், பட்டுப் போல மெல்லியது, சாவுக்கு அதைக் கொடுப்பது அவர்களிடத்தில் மேலான மரியாதை என்று பிலிப்போ காதுக்குள் சொன்னான். துசியந்தி மாமி என் மற்றக் காதுக்குள், "பாயோ? பிரேதம் இனிக் கீழ கிடத்திறேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றார். கிரியை முடிந்து, தகனம் முடிந்து, வீடு கழுவி, எல்லாரும் பந்தியில் இருந்து சாப்பிட்டு, ஒவ்வொருவராக எழும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னேரம் அவர்களுக்கு விமானம். நீ மேலே அவர்களுடைய பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாய், பிலிப்போ காரைத் திருப்பப் போயிருந்தான். மலியா என் முன்னால் வந்து முழங்காலில் இருந்தார், என் இரண்டு கையையும் பிடித்தார், தங்கள் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார், யோசேபா தலை குனிந்து பின்னால் நின்றார். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். விடைபெறுகிறார் என்பது மொழி தெரியாமலே விளங்கியது. நான் கையை இழுத்துக்கொண்டேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன், எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அதே நேரத்தில் துசியந்தி மாமி பாய்ந்து வந்து, "ஐயோ சொல்லப்படாது, சொல்லப்படாது" என்று மலியாவின் சட்டைக் கையைப் பிடித்து, அவருக்குத் தமிழ் விளங்காதென்று ஞாபகம் வந்ததும், "நோ நோ, டோன்ற் சே, கோ, கோ" என்று வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். மாமியின் ஆங்கிலம் அவசரத்துக்கு அவ்வளவுதான். குசினியில் நின்று கதவு சாத்தப்படும் சத்தத்தைக் கேட்டேன். நல்லபடியாகப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன், பிள்ளை. அதுதான் நான் நினைத்தது.

நீ இங்கே பிறந்தவள். செத்தவீடு என்றால் உன்னையும் அண்ணையையும் பியானோ வகுப்பு, பரீட்சை, தடிமன் காய்ச்சல் என்று சாட்டுச் சொல்லி வீட்டில் விட்டுவிட்டுத்தான் அப்பாவும் நானும் போவோம், ஆகவே உனக்கு இது தெரியாது. எங்களிடத்தில் மற்ற எந்த வீட்டிலிருந்தும் புறப்படும்போது போயிற்று வாறன் என்று சொல்லாமல் வாசல் தாண்டக்கூடாது, செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்லவே கூடாது. இப்படியொரு காரியத்துக்கு இந்த வீட்டுக்கு இன்னொருமுறை வருவேன் என்று சொன்னதாகிவிடும். போயிற்று வாருங்கோ என்று வீட்டுக்காரரும் சொல்வதில்லை, சொன்னால் வந்தவர் வீட்டுக்குச் சாவை வழியனுப்பியதாக எண்ணுவார்கள். வந்தவர் தன்பாட்டில் எழும்பிப் போவார், இருப்பவர் காணாதது போல இருப்பார், அதுதான் இரு பகுதிக்கும் மரியாதை, அதுதான் பாதுகாப்பு. அன்று எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று யோசித்துப் பார், ஒருவரும் மனம் நோகவில்லை. மலியாவுக்கு நான் செய்தது எங்கள் சொந்தச் சனத்துக்குச் செய்ததைவிடக் குறைந்ததல்ல. துசியந்தி மாமி அவரைத் துரத்தவில்லை, வாயால் கேடு வரமுன் காப்பாற்றினார், அவருடைய முறையில், அதாவது சட்டையைக் கிழிக்கும் முறையில். இதையெல்லாம் நான் நம்புகிறேனா என்று நீ கேட்பாய், பல்கலைக்கழகத்தில் படித்தவள் அல்லவா என்று குத்துவாய். அன்று என்னிடம் நம்பிக்கையும் இருக்கவில்லை, அவநம்பிக்கையும் இருக்கவில்லை, பழக்கம் ஒன்றுதான் மிஞ்சி இருந்தது. உடம்பு தானாக எழும்பிப் போயிற்று, நான் பின்னால் போனேன். விருப்பமில்லாத சம்பந்தியை அவமதிக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு கோபமாவது வேண்டும், அன்றைக்கு என்னிடம் அந்தச் சாமான் கைவசம் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

உன் செய்தி கிடைத்த வாரம் வகுப்பில் பாடம் முடிந்து, கேள்வி ஏதும் உண்டா என்று சியோனே கேட்டார். வரவுசெலவுக்குப் புறம்பான கேள்வி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேட்டேன், உங்கள் தீவுகளில் சாவு வீட்டுக்குப் போனவர்கள் புறப்படும்போது அந்த வீட்டார் மறுமொழி சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று. சியோனே, அப்படி நடக்காது என்றார். நடந்தால் என்றேன். நடக்காது மேடம் என்றார் மறுபடியும். அப்போது லோசா என்று ஒரு சமோவாப் பெண்மணி, என் வயதுக்குக் கிட்ட வரும், வகுப்பில் வாய் திறவாதவர், ஒலிவாங்கியைத் திறந்தார். எங்களில் வந்தவர் பேசுவார், வீட்டார் பேசி அனுப்புவார், அனுப்பாவிட்டால் வந்தவர் போனாலும் போனதாகாது, என்ன பிழை செய்தோம் என்று அந்த வாசலிலேயே மனம் நின்றுகொண்டிருக்கும் என்றார். யாருக்கு நடந்தது என்று கேட்டார். சொன்னேன். எங்கள் வழக்கத்தையும் சொன்னேன். வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது, பிள்ளைக்குச் சோறூட்டியவள் கரண்டியை அந்தரத்தில் பிடித்திருந்தாள், பிள்ளை வாயைத் திறந்தபடி இருந்தது. லோசா, அப்படியென்றால் நீங்கள் இரண்டு பகுதியும் ஒருவரையொருவர் மிகவும் மரியாதையாக நடத்தியிருக்கிறீர்கள், பாவம் என்றார். பாவம் என்றது எங்களையா வழக்கங்களையா என்று நான் கேட்கவில்லை. பிறகு விடைகொடுக்கும்போது அவர்கள் சொல்லும் சொல்லைக் கேட்டுப் பழகினேன். தோஃபா சொய்ஃபுவா. வணக்கத்தைக் காட்டிலும் இது எனக்குச் சுலபமாக வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எப்போதோ முடிந்துவிட்டது, துடக்குப் போய்விட்டது, வருசம் முடியச் செய்யும் ஆட்டைத் திவசத்துக்குத்தான் இன்னும் நாள் கிடக்கிறது, ஆகவே சொல்லக்கூடாது என்ற தடை இப்போது இல்லை. நிர்மலனைக் கொண்டு பிலிப்போவிடம் இலக்கத்தை வாங்கி, நேற்றுச் சனிக்கிழமை காலை மலியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன பேசினேன் என்று அவர் உனக்குச் சொல்லியிருப்பார், அல்லது சொல்லாமலும் இருப்பார், நான் சொல்கிறேன். அவர் எடுத்ததும் தோஃபா சொய்ஃபுவா என்றேன். எடுத்த எடுப்பிலேயே போய்வாருங்கள் என்று சொல்லும் பைத்தியம் யாரென்று அவர் நினைத்திருக்கக்கூடும், யார் பேசுவது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோசிகாவின் தாய் என்றேன். நீங்கள் தையில் என் முன்னால் முழங்காலிலிருந்து சொன்னதற்கு மறுமொழி சொல்ல எடுத்தேன், அன்று எங்கள் வீட்டில் அதைச் சொல்லக்கூடாது, சொன்னால் உங்களுக்குத் தீங்கு என்பது எங்கள் வழக்கம், இப்போது வீடு துப்புரவாகிவிட்டது, ஆகவே சொல்கிறேன் என்றேன். அவர் யோசேபாவைச் சத்தமிட்டுக் கூப்பிட்டு, இருவருக்கும் கேட்கும்படி தொலைபேசியை வைத்து, இன்னொருமுறை முழுவதையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்படியென்றால் என் சட்டையைப் பிடித்து இழுத்த அந்தப் பெண் கோபத்தில் இழுக்கவில்லையா என்று கேட்டார். கோபம் இல்லை, பயம், அவருக்கு எல்லாருக்காகவும் பயம், அதுதான் அவருடைய உத்தியோகம் என்றேன். யோசேபா முதலில் சிரித்தார். மலியாவும் சிரித்தார், கனநேரம் சிரித்தார், கடைசியில் அது சிரிப்பாக இருக்கவில்லை. உன் அப்பா திரையில் பீர்க்கங்காயைத் தூக்கிக் காட்டி இது உங்கள் ஊரில் உண்டோ என்று கேட்டதைச் சொல்லி அழுதார். நேரில் ஒருநாளும் காணாத மனிதருக்காக அந்த மனுசி அப்படி அழுதார். நான் அழவில்லை. அவர் அழுது முடியும்வரை தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன், கால் நொந்தது, கதிரை தள்ளி இருந்தது, இருந்தாலும் அசையவில்லை. என்னால் ஏலுமாயிருந்தது அவ்வளவுதான், அதைச் செய்தேன். பிறகு அவர் மூக்கைச் சிந்திவிட்டு, நீ என்னிடம் கேட்டதையே கேட்டார், உங்கள் மகளை எங்களுக்குத் தருகிறீர்களா என்று. ஓம் என்றேன். தமிழில்தான் வந்தது. மொழிபெயர்க்கும்படி அவர் கேட்கவில்லை.

ஆகவே உனக்கும் அதே விடை, ஓம். இனி அந்தக் கேள்வியைக் குறுஞ்செய்தியில் கேட்காதே, தாயிடம் கேட்கும் கேள்வியைத் தாயிடம் குரலால் கேட்க வேண்டும். கலியாணம் ஆட்டைத் திவசம் முடிந்து பங்குனியில் நடக்கட்டும், அதற்கு மலியா சம்மதம், எந்த நாள் என்று நீங்கள் குறியுங்கள், நான் வருவேன். தேவாலயத்துச் சனம் எல்லாரையும் அழைக்க வேண்டும் என்று மலியா சொன்னார், எத்தனை பேர் என்று கேட்டேன், சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆகவே நீயும் பிலிப்போவும் சியோனேயின் வகுப்பில் உடனடியாகச் சேருங்கள். பிலிப்போ நல்ல பிள்ளை, வந்த அன்றே பாத்திரம் கழுவினான், கழுவிய பாத்திரத்தை எங்கே வைப்பது என்று கேட்காமல் கண்டபடி அடுக்கினான், பத்தில் ஏழு புள்ளி. துசியந்தி மாமிக்கு நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் மன்னிப்புக் கேட்கவென்று விமானம் ஏறி வந்து மலியாவின் மற்றக் கையையும் பிடிப்பார். நீயும் சொல்லாதே. என்னைப் பற்றிக் கவலைப்பட்டு இணைப்புகள் அனுப்புவதை நிறுத்து. விறைப்பு எப்போது விடும் என்று தெரியாது, விட்டபின் நோகும் என்பது தெரியும், அவசரம் ஒன்றும் இல்லை.

நீயும் அவனும் நோய்நொடியின்றி, ஒருவருக்கொருவர் அலுக்காமல், நீண்டகாலம் இருக்க முருகன் துணை நிற்கட்டும், மலியா கும்பிடும் தேவனும் நிற்கட்டும், இருவருக்கும் இடம் உண்டு. இன்னும் ஒன்று, மறவாமல் மனத்தில் வை. எனக்குரிய நாள் வரும்போது மலியா வருவார், எவ்வளவு தூரமென்றாலும் வருவார், தடுக்க ஏலாது. புறப்படும் நேரம் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகவேண்டும் என்று அவருக்கு முதலிலேயே விளங்கப்படுத்து. நீயும் அப்படியே எழும்பிப் போ. நான் ஒன்றும் சொல்லமாட்டேன், அதை ஒரு குறையாக எடுக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
கலாவதி சற்குணம்.